ரூ.9,999-க்கு கொழும்பு கேசினோ டூர்: போகலாமா, வேண்டாமா? சலுகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

"ரெண்டு நைட், மூணு நாள். பிளேன் டிக்கெட், ஸ்டார் ஓட்டல் ரூம், சாப்பாடு, சரக்கு எல்லாம் சேர்த்து வெறும் ரூ.9,999. மத்த இடத்துல கேட்டுப் பாருங்க, 30 ஆயிரம் சொல்லுவான்."

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் 43 வயதுக்காரர் ஒருவருக்கு செல்போனில் வந்த அழைப்பு இது. கூப்பிட்டது வெளி ஆள் இல்லை. மனைவியின் தம்பிதான். "மாமா, நாலு பேர் சேர்ந்தா இந்த ரேட்டு. நாளைக்குள்ள பாஸ்போர்ட் காப்பி அனுப்பணும்" என்று அவசரப்படுத்தினார்.

பட்டறைக்காரர் இதுவரை பிளேனில் ஏறியதே இல்லை. ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. கொழும்பில் போய் இறங்கியதும் ரூ.1 லட்சத்துக்கு கேசினோ 'சிப்' வாங்க வேண்டும். சமீபத்தில் சீட்டு எடுத்த பணம் சரியாக அந்தத் தொகைக்கு வீட்டில் இருந்தது. மகளின் காலேஜ் பீசுக்காக எடுத்த சீட்டு அது.

"பணம் எங்கேயும் போகாது மாமா. சிப்பா கையிலதான் இருக்கும். திரும்பி வரும்போது மாத்திக்கலாம்" என்றார் மச்சான்.

மனைவி ஒரே வரியில் கேட்டார்: "என்னங்க, சீட்டு எடுத்த பணத்தை சீட்டாட்டத்துல போடவா எடுத்தோம்? சும்மா கூட்டிட்டுப் போறவன் ஏன் கூட்டிட்டுப் போறான்னு முதல்ல கேளுங்க."

இந்தக் கேள்விக்கு பதில் தெரிந்தால்தான் இப்படிப்பட்ட டூருக்கு போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஜங்கெட் என்றால் என்ன?

கேசினோ என்பது சட்டப்படி லைசென்சு வாங்கி நடத்தும் சூதாட்ட விடுதி. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி கிடையாது. 1930-ம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும், சென்னை நகர போலீஸ் சட்டமும் பணம் வைத்து சூதாடும் இடம் நடத்துவதை தடை செய்கின்றன. லாட்டரிச் சீட்டுக்கும் 2003-ல் தடை வந்துவிட்டது.

அதனால் ஆட நினைப்பவர்கள் வெளியூர் போகிறார்கள். இந்தியாவுக்குள் கோவாவிலும் சிக்கிமிலும் கேசினோ உண்டு. வெளிநாடு என்றால் காட்மாண்டு, கொழும்பு, சிங்கப்பூர், மக்காவ். சென்னைக்காரர்களுக்கு கொழும்பு ரொம்ப பக்கம். விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

இப்படி ஆட்களை கூட்டமாகச் சேர்த்து கேசினோவுக்கு அழைத்துப் போகும் பயணத்துக்குப் பெயர்தான் 'ஜங்கெட்'. அழைத்துப் போகும் ஏஜெண்டுக்கு டூர் கட்டணத்தில் பெரிய லாபம் கிடையாது. கேசினோதான் அவருக்கு கமிஷன் தருகிறது. வந்தவர்கள் மொத்தம் எவ்வளவு பணத்தை மேசையில் வைத்து ஆடினார்கள், அல்லது எவ்வளவு தோற்றார்கள் என்பதைப் பொறுத்து கமிஷன் ஏறும்.

சுருக்கமாகச் சொன்னால், டூருக்குப் போகிறவர் அங்கே வாடிக்கையாளர் இல்லை. அவர்தான் சரக்கு.

சக்கரம் சொல்லும் கணக்கு

கேசினோ ஏமாற்றித்தான் சம்பாதிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஏமாற்றவே தேவையில்லை. ஆட்டத்தின் விதியிலேயே அவர்கள் லாபம் இருக்கிறது.

ரவுலட் என்ற சுழல் சக்கரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் 37 கட்டங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று மட்டும் பச்சை. அந்தப் பச்சைக் கட்டத்துக்கு எண் பூஜ்யம். சிவப்பில் ரூ.100 கட்டி சிவப்பு விழுந்தால் கூட ரூ.100 கிடைக்கும். கறுப்போ பச்சையோ விழுந்தால் கட்டிய 100 போச்சு.

அதாவது 37 முறை சுற்றினால் சராசரியாக 18 முறை ஜெயிப்பு, 19 முறை தோல்வி. அந்த ஒரு பச்சைக் கட்டம்தான் கேசினோவின் கல்லாப்பெட்டி. நூற்றுக்கு ரூ.2.70 அவர்களுக்கு. சில இடங்களில் ரெண்டு பச்சைக் கட்டம் உள்ள சக்கரம் இருக்கும். அதில் நூற்றுக்கு ரூ.5.26.

"வெறும் ரெண்டே முக்கால் ரூபாய்தானே?" என்று தோன்றும். ஆனால் அது கொண்டுபோகும் பணத்துக்கு இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும்!

9,999 எப்படி 36 ஆயிரம் ஆகிறது?

பட்டறைக்காரருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் ஆடிட்டர் இருக்கிறார். மனைவி சொன்னதால் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். "ஏஜெண்டு நிபந்தனையை எழுத்துல வாங்குங்கண்ணே" என்றார் ஆடிட்டர்.

மறுநாள் மெசேஜ் வந்தது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் மேசையில் உட்கார வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு சராசரி ரூ.3 ஆயிரம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட், ரூம் செலவு முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள்.

ஆடிட்டர் பேப்பரில் போட்டுக்காட்டிய கணக்கு இதுதான்:

* ஒரு மணி நேரத்துக்கு சக்கரம் 40 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம்.
* 2 நாளில் 8 மணி நேரம். மொத்தம் 320 சுற்று.
* சுற்றுக்கு ரூ.3 ஆயிரம் என்றால் மேசையில் புரளும் பணம் ரூ.9 லட்சத்து 60 ஆயிரம்.
* அதில் 2.7 சதவீதம் கிட்டத்தட்ட ரூ.26 ஆயிரம்.

டூரில் மிச்சமாவது ரூ.20 ஆயிரம். மேசையில் சராசரியாகப் போவது ரூ.26 ஆயிரம். கட்டிய 9,999-ஐயும் சேர்த்தால் மொத்தம் 36 ஆயிரம். சொந்தக் காசில், ஒரு ரூபாய்கூட சூதாடாமல் 30 ஆயிரத்துக்கு அதே கொழும்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

"டிஸ்கவுண்டு குடுக்கல அண்ணே. உங்க பணத்துல இருந்தே உங்களுக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கறான்" என்றார் ஆடிட்டர்.

ஜெயிச்சவன் சத்தம்தான் கேட்கும்

"அப்படீன்னா எல்லாரும் தோத்துட்டுத்தான் வர்றாங்களா? எங்க தெருவுல ஒருத்தன் 40 ஆயிரம் ஜெயிச்சுட்டு வந்தானே?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. எல்லோரும் தோற்பதில்லை. மேலே சொன்ன மாதிரி 320 சுற்று ஆடினால் பத்து பேரில் சுமார் 3 பேர் லாபத்தோடு திரும்புவார்கள் என்கிறது கணக்கு. மீதி 7 பேருக்கு நஷ்டம். ரெண்டு பச்சைக் கட்டம் உள்ள சக்கரம் என்றால் பத்துக்கு ரெண்டு பேர் தேறுவதே கஷ்டம்.

நஷ்டமும் எல்லோருக்கும் சரியாக 26 ஆயிரம் என்று இருக்காது. ஒருவர் 25 ஆயிரம் லாபம் பார்ப்பார். இன்னொருவர் 80 ஆயிரம் விட்டுவிட்டு வருவார். கொண்டுபோன ஒரு லட்சமும் முதல் நாளே காலியாவதும் நடக்கும்.

ஊர் திரும்பியதும் ஜெயித்த 3 பேர் டீக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். தோற்ற 7 பேரும் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் "ஷாப்பிங்ல செலவாயிடுச்சு" என்பார்கள். அதனால்தான் கேசினோவுக்குப் போனவன் எல்லாம் ஜெயித்தது போல ஊருக்குத் தெரிகிறது. அடுத்த கூட்டத்தை ஏஜெண்டு பிடிப்பதும் இந்தக் கதைகளை வைத்துத்தான்.

'பணம் கையிலதான் இருக்கும்' என்பது உண்மையா?

ஜங்கெட்டில் போகிறவருக்கு பெரும்பாலும் சாதாரண சிப் தர மாட்டார்கள். 'ரோலிங் சிப்' அல்லது 'டெட் சிப்' என்று தனி வகை உண்டு. இதை கவுண்டரில் கொடுத்து காசாக மாற்ற முடியாது. மேசையில் வைத்து ஆடித்தான் தீர்க்க வேண்டும். ஜெயித்தால் வரும் பணம் மட்டும் மாற்றக்கூடிய சிப்பாக வரும்.

ரூ.1 லட்சம் டெட் சிப்பை சிவப்பு, கறுப்பு என்று கட்டி முழுவதும் தீர்த்தால், சராசரியாக காசாகக் கையில் மிஞ்சுவது சுமார் ரூ.94 ஆயிரத்து 700. 'சும்மா மாத்துறதுக்கே' 5 ஆயிரத்துக்கு மேல் செலவு.

அதோடு விடுவார்களா? "இன்னும் ரோலிங் டார்கெட் முடியல சார்" என்று ஜெயித்த பணத்துக்கு மறுபடி டெட் சிப் வாங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அதே சதவீதம் கரையும்.

விடுதியின் அமைப்பும் அப்படித்தான். சாப்பாடும் மதுவும் இலவசம். எழுந்து போகவே மனசு வராது. போதையில் 3 ஆயிரம் கட்டும் கை 10 ஆயிரம் கட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்காருபவர்கள்தான் ஜங்கெட் தொழிலுக்கு உயிர்நாடி.

கடன் கொடுப்பான், ஜாக்கிரதை

கொண்டுபோன பணம் தீர்ந்ததும் ஏஜெண்டு பக்கத்தில் வந்து நிற்பார். "கவலைப்படாதீங்க. 2 லட்சத்துக்கு சிப் தர்றேன். ஊருக்கு வந்து குடுங்க" என்பார். டூரிலேயே பெரிய ஆபத்து இந்த வார்த்தைதான்.

சூதாட்டப் பந்தயம் செல்லாது, அதை வைத்து கோர்ட்டில் பணம் கேட்க முடியாது என்று 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. ஏஜெண்டுகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் சூதாட்டக் கடன் என்று எழுத மாட்டார்கள். புரோ நோட்டில் 'குடும்பச் செலவுக்கு கைமாற்று' என்று கையெழுத்து வாங்குவார்கள். கூடவே தொகை எழுதாத செக்.

அந்த செக் பவுன்ஸ் ஆனால் வழக்கு வரும். 2 ஆண்டு வரை ஜெயிலோ, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'இது சூதாட்டக் கடன்' என்று நிரூபிக்கும் சுமை செக் கொடுத்தவர் தலையில்தான் விழும். கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டு வாசலில் ஆள் விட்டு வசூலிப்பவர்களும் உண்டு.

உலகிலேயே பெரிய ஜங்கெட் சந்தையாக இருந்தது மக்காவ். அங்கே கொடிகட்டிப் பறந்த 'சன்சிட்டி' நிறுவனத்தின் அதிபர் ஆல்வின் சாவ் 2021 நவம்பரில் கைது செய்யப்பட்டார். சட்டவிரோத சூதாட்டம் உள்ளிட்ட வழக்குகளில் 2023 ஜனவரியில் அவருக்கு 18 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

இங்கே ரொக்கம், அங்கே சிப்

"லட்சத்தை தூக்கிட்டு பிளேன்ல எதுக்கு போறீங்க? இங்கேயே குடுத்துடுங்க, அங்க போனதும் சிப் ரெடியா இருக்கும்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குப் பெயர் ஹவாலா.

வெளிநாட்டுக்கு வங்கி மூலமோ, லைசென்சு உள்ள பணமாற்று நிறுவனம் மூலமோதான் பணம் போக வேண்டும். இலங்கைக்குப் போகும்போது இந்திய ரூபாய் நோட்டாக ரூ.25 ஆயிரம் வரை கொண்டுபோகலாம். வெளிநாட்டு கரன்சி நோட்டு என்றால் ஒரு பயணத்துக்கு 3 ஆயிரம் டாலர் வரை. இந்த வழியை விட்டு ஏஜெண்டு கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை (பெமா) மீறியதாகும். சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். அமலாக்கத்துறை விசாரணைக்கு அலைய வேண்டியும் வரலாம்.

ஜெயித்த பணத்தை "சென்னைல வந்து தர்றேன்" என்பதும் இதே கதைதான். அதிலும் ஏஜெண்டு தராவிட்டால் எந்த ஸ்டேஷனில் போய் புகார் கொடுப்பது?

ஜெயிச்சாலும் வரி உண்டு

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் ஜெயித்தாலும் இங்கே வருமான வரி கட்ட வேண்டும். சூதாட்ட ஜெயிப்புக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். ஆக மொத்தம் 31.2 சதவீதம். டிக்கெட் செலவு, ரூம் செலவு என்று எதையும் கழிக்க முடியாது. வேறு வருமானமே இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. தோற்ற பணத்தை எந்தக் கணக்கிலும் நஷ்டமாகக் காட்ட முடியாது. ஜெயித்தால் அரசாங்கம் பங்குக்கு வரும், தோற்றால் நீங்கள் மட்டும்தான்.

"அப்படீன்னா கோவாவுக்கே போயிடலாமே, பாஸ்போர்ட்டே வேணாம்" என்றும் சிலர் கேட்கிறார்கள். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் கேசினோ நடக்கிறது. சட்டப்படி அனுமதி பெற்றவை. ஆனால் அங்கே சிப் மதிப்புக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 2023 அக்டோபரில் இருந்து 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 40 சதவீதமாக உயர்ந்துவிட்டது. ரூ.1 லட்சம் மதிப்புள்ள சிப்புக்கு வரி மட்டுமே ரூ.40 ஆயிரம்!

போயே ஆகணும்னா...

ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை. அப்படிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* டூர் கட்டணத்தையும் சிப் பணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். அந்த மொத்தத் தொகையும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டால், வீட்டில் அடுப்பு எரியுமா? எரியாது என்றால் போகாதீர்கள்.

* பீஸ், வாடகை, அடகு நகை மீட்க வைத்த பணம், சீட்டுப் பணம், வட்டிக்கு வாங்கிய பணம் இவற்றைத் தொடவே கூடாது.

* நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஆட வேண்டும், ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், ஆடாவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், சிப்பை காசாக மாற்ற முடியுமா? எழுதித் தர மறுத்தால் அந்த ஏஜெண்டை விட்டுவிடுங்கள்.

* பாஸ்போர்ட்டை ஏஜெண்டு கையில் விட்டுவைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட் உங்கள் செல்போனில் இருக்கட்டும்.

* வெற்று செக், புரோ நோட்டு, வெற்றுப் பேப்பர் எதிலும் கையெழுத்து கூடாது. எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் சொன்னாலும் சரி.

* ஏ.டி.எம். கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கடன் வாங்குவதில்லை என்பதை மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏற்கனவே போய் பழகி, நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல. சூதாட்ட அடிமைத்தனத்தை நோயாகவே உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிகிச்சை உண்டு. 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் காட்டலாம்.

கடைசியில் என்ன ஆச்சு?

அம்பத்தூர் பட்டறைக்காரர் "நான் வரல" என்று சொல்லிவிட்டார். உடனே ஏஜெண்டே நேரடியாகக் கூப்பிட்டார். "உங்களுக்காக 5,999-க்கு முடிச்சுத் தர்றேன் சார்" என்றார். அதற்கும் மசியாததால் "டூர் பணமே வேணாம். சிப் மட்டும் வாங்குங்க, போதும்" என்றார்.

"அப்பத்தான் எனக்கு முழுசா விளங்குச்சு. ஓசியில கூட்டிட்டுப் போனாக்கூட அவனுக்கு லாபம்னா, அந்த லாபம் யார் பாக்கெட்டுல இருந்து வருது?" என்கிறார் அவர். சீட்டுப் பணம் மகளின் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மச்சான் மட்டும் கிளம்பிப் போனார். மூன்றாம் நாள் சிரித்த முகத்தோடு திரும்பினார். ரூ.22 ஆயிரம் லாபம். அக்காவுக்கு ஒரு புடவை, மாமாவுக்கு ஒரு சட்டை. "பார்த்தீங்களா மாமா, நீங்க வந்திருக்கலாம்" என்று கிண்டல் வேறு. அடுத்த மாதம் மறுபடி போகிறாராம். இந்த முறை 3 லட்சத்துக்கு சிப் வாங்கினால் டூர் முழுவதும் இலவசம் என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறார்.

அக்கா அந்தப் புடவையை இன்னும் பிரிக்கவில்லை.

"தோத்துட்டு வந்திருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். ஜெயிச்சுட்டு வந்திருக்கானே, அதுதாங்க பயமா இருக்கு" என்கிறார்.